கருப்பு டேப்புக்கு அடியில் ஒரு சிவப்பு வட்டம்

முதலிலேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. பத்தாவது வரை படித்தவன், அதிலும் தமிழில்தான் மார்க் குறைவு. காரிமங்கலத்தில் மோட்டார் காயில் கட்டும், அதாவது கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றும், கடை வைத்திருக்கிறேன். இத்தனை வருடத்தில் நான் எழுதியதெல்லாம் கெட்டுப்போன மோட்டார்களில் கட்டித் தொங்கவிடும் அட்டைகள்தான். ‘காயில் கருகியது’, ‘பேரிங் போச்சு’, ‘வெள்ளிக்கிழமை வருவார்’. அதற்கு மேல் நீளமாக எழுதக் கை கூசுகிறது. ஆனால் போன ஆயுத பூஜை அன்று என் கடையில் நடந்ததை, கூட இருந்த நான்கு பேரும் நான்கு விதமாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். நால்வர் சொல்வதிலும் நான்தான் முட்டாள். அது சரிதான் என்றாலும், எந்த வகையில் முட்டாள் என்பதாவது சரியாகப் பதிவாகட்டும் என்று எழுதுகிறேன்.

எனக்குக் கேமரா வந்தது சந்தையில். பழைய இரும்புக் குவியலில் ஒரு பிலிம் கேமரா கிடந்தது. மோட்டார் மாதிரி பிரித்து மாட்டிப் பார்க்கலாமே என்று வாங்கினேன். பிரித்தேன். மாட்டினேன். இரண்டு ஸ்க்ரூ மிச்சமாயின. ஆனாலும் படம் விழுந்தது. அன்றிலிருந்து அது கடையில் ஆணியில் தொங்கும்.

தருமபுரியிலிருந்து ஒரு பல் டாக்டர் தன் கிளினிக்கின் தண்ணீர் மோட்டாரைக் கொண்டுவந்தார். மோட்டாரைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் ஆணியையே பார்த்துக்கொண்டிருந்தார். “பிலிமுங்களா?” என்றார். வெளியூரில் மாட்டிக்கொண்டவர் ‘நம்ம ஊருங்களா?’ என்று கேட்பாரே, அந்தக் குரல். அப்படித்தான் நான் பிலிம் கேமராக்காரர்களின் ஞாயிற்றுக்கிழமைக் குழுவில் சேர்ந்தேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் காலையில் ஆறேழு பேர் கூடுவோம். கேமராக்களை மேஜையில் வைத்துவிட்டு, டீ ஆறும்வரை அவற்றைப் பற்றியே பேசுவார்கள். ஒருவர் ஷட்டரை வெறுமனே அழுத்த, மற்றவர்கள் கண்ணை மூடிக் கேட்பார்கள். நானும் என் தொழிலில் பேரிங் சத்தத்தை அப்படித்தான் கேட்பேன். ஆனால் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. மூலையில் பெயின்ட் தேய்ந்து பித்தளை தெரிந்தால் அந்தக் கேமராவுக்குத் தனி மரியாதை. “சாவிக்கொத்தோட பையில போட்டு நடந்தீங்கன்னா சீக்கிரம் தேயும்” என்று யோசனை சொன்னவரும் உண்டு. படம் எடுக்கப் பாலக்கோடு மார்க்கெட்டுக்குப் போவார்கள். தக்காளியை எடுக்க மாட்டார்கள். தக்காளிப் பெட்டியின் நிழலை எடுப்பார்கள்.

டாக்டரிடம் ஒரு ஜெர்மன் கேமரா இருந்தது. குழுவில் யாரும் அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள். புருஷன் பேரைச் சொல்லாத அந்தக் காலத்துப் பெண்கள் மாதிரி ‘அது’ என்பார்கள். ‘அது’வின் நெற்றியில் ஒரு சிவப்பு வட்டம் உண்டு. அந்த வட்டத்துக்குத்தான் பாதி விலை என்று குழுவில் இருந்த மெடிக்கல் ஷாப்காரர் சொல்வார். இதில் எனக்குப் புரியாதது, அவ்வளவு கொடுத்து வாங்கிவிட்டு வட்டத்தின் மேல் கருப்பு டேப் ஒட்டி மறைத்துவிடுவார்கள். திருடனுக்குத் தெரியக் கூடாதாம். தெரு ஜனம் கவனிக்கக் கூடாதாம். ஆனால் டேப் ஒட்டியிருந்தாலே அடியில் வட்டம் இருக்கிறது என்று குழுவில் எல்லோருக்கும் தெரியும்.

டேப் என் இலாகா. ஒயருக்குச் சுற்றுகிற டேப்பை ஒரு வாஷரை வைத்து வட்டமாக அறுத்து ஒட்டிக் கொடுத்தேன். அதைப் பார்த்த மெடிக்கல் ஷாப்காரர், அடியில் எந்த வட்டமும் இல்லாத தன் ஜப்பான் கேமராவுக்கும் ஒன்று ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். ஒரு வாரம் அவர் நடையே வேறு.

டாக்டருக்கு டேப் வேண்டியிருந்த காரணம் வேறு. அவருடைய வீட்டம்மா பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். ஏற்கனவே வீட்டில் பதினோரு கேமரா. இன்னும் ஒன்று வந்தால் பன்னிரண்டையும் விற்றுவிடுவேன் என்று அவர் சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிறவர். சிவப்பு வட்டத்தைப் பற்றி பெங்களூரில் இருக்கும் டீச்சரம்மாவின் தம்பி அவரிடம் விலையோடு சொல்லியும் வைத்திருந்தார். அதனால் பன்னிரண்டாவதாக வந்த ‘அது’ கிளினிக்கில் எக்ஸ்ரே அறையில் ரகசியமாகக் குடியிருந்தது.

ஆயுத பூஜைக்கு முந்தின வாரம் அதைத் துண்டில் சுற்றிக்கொண்டு டாக்டர் என் கடைக்கு வந்தார். “ஒரு வாரம் உங்ககிட்ட இருக்கட்டுங்கண்ணா. மேடம் கிளினிக்குல ஒட்டடை அடிக்கறாங்க” என்றார். முகம் பல் பிடுங்க வந்தவர் முகம் மாதிரி இருந்தது. மேல் பலகையில் காயில் கம்பிச் சுருளுக்குப் பின்னால் வைத்தேன்.

பூஜை அன்று நான் பொரியும் வாழைக்கன்றும் வாங்கப் போயிருந்தேன். கடையைக் கழுவித் துடைக்கும் பொறுப்பு என் மனைவியுடையது. திரும்பி வந்தால் எல்லாம் வரிசையாக உட்கார்ந்திருந்தன. காயில் சுற்றும் மெஷின், கட்டிங் பிளேயர், டெஸ்டர், சுத்தியல், ஸ்க்ரூடிரைவர் குடும்பம், என் சந்தைக் கேமரா, அதன் பக்கத்தில் ‘அது’. எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம்.

“இதுல இருந்த டேப்பு எங்க?” என்றேன்.

“பிசுபிசுன்னு இருந்துச்சுங்க. உரிச்சு எறிஞ்சிட்டேன். உள்ளார பார்த்தா ஆரோ ஏற்கனவே பொட்டு வெச்சிருக்கறாங்க! பொட்டு மேல போயி டேப்பு ஒட்டுவாங்களா? சுத்தியும் சந்தனம் மட்டும் வெச்சு உட்டேன். மூலையில பித்தளை கறுத்துப்போயி கெடந்துச்சு, விபூதி போட்டுத் தேச்சிருக்கறேன் பாருங்க, எப்படி மின்னுது!”

மின்னியது. புது டேப்பை எடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் வாசலில் கார் வந்து நின்றது. டாக்டர், டீச்சரம்மா, மெடிக்கல் ஷாப்காரர். பொரி வாங்கிக்கொள்ள வாங்க என்று வாடிக்கைக்காரர்கள் எல்லோரையும் கூப்பிட்டது நான்தான்.

டாக்டர் வரிசையைப் பார்த்தார். அவர் முகம் கிளினிக் சுவர் நிறத்துக்குப் போனது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. எனக்கும் அப்போதுதான் புரிந்தது. முப்பது சிவப்புப் பொட்டுகளுக்கு நடுவில் அது முப்பத்தொன்றாவது. எந்த டேப்பும் இவ்வளவு நன்றாக மறைத்திருக்காது.

கற்பூரம் காட்டினோம். பொரி கொடுத்தோம். டீச்சரம்மா சந்தோஷமாக ஒவ்வொரு கருவியையும் பார்த்துக்கொண்டே வந்து, சந்தனம் வழிந்திருந்த ‘அது’வை எடுத்தார். துடைத்துவிடலாம் என்று கட்டை விரலால் பொட்டை ஒரு தேய் தேய்த்தார். விரலைப் பார்த்தார். முந்தானையால் இன்னொரு தேய்.

“இந்தப் பொட்டு அழிய மாட்டேங்குதுங்களே.”

என் மனைவிதான் பெருமையாகச் சொன்னாள்: “அது கம்பெனியிலயே வெச்சு அனுப்புன பொட்டுங்கக்கா.”

“ஓ. எங்க தம்பி சொன்ன வட்டம் இதானுங்களா?” டீச்சரம்மா கேமராவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது ஆருதுங்கண்ணா?”

டாக்டர் மின்விசிறியைப் பார்த்தார். மெடிக்கல் ஷாப்காரர் பொரியை ஒவ்வொன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார். எனக்குப் பொய் வராது. வாயிலேயே வராது. ஆனால் அன்று வந்தது.

“என்னுதுங்க.”

“அக்கா, உங்க வூட்டுக்காரரு பெரிய ஆளுதான். இந்த விலைக்கு ஒரு பழைய காரே வாங்கிப்போடலாம்” என்றார் டீச்சரம்மா என் மனைவியிடம்.

என் மனைவி பொரித் தட்டைக் கீழே வைத்தாள். “காருங்களா?” என்றாள் மெதுவாக. பிறகு என் பக்கம் திரும்பினாள். “ஏங்க, வாஷிங் மெசின் கேட்டா என்ன சொன்னீங்க? வெயில் காலம் வரட்டும், மோட்டாரு நெறையக் கருகும், அப்பறம் பாக்கலாம்னீங்க. எத்தனை வெயிலு போச்சு? எத்தனை மோட்டாரு கருகுச்சு?”

டாக்டரைப் பார்த்தேன். அவர் இன்னும் மின்விசிறியில்தான் இருந்தார்.

“சரி, உங்க கேமராதானே. எங்க எல்லாரையும் ஒரு படம் புடிங்கண்ணா” என்றார் டீச்சரம்மா. கரும்பலகைக்குக் கூப்பிடுகிற குரல்.

அவர்கள் வரிசையாக நின்றார்கள். என் மனைவி மட்டும் என்னைப் பார்க்காமல் நின்றாள். கேமராவைக் கண்ணில் வைத்தேன். எல்லோரும் பளிச்சென்று தெரிந்தார்கள். அழுத்தினேன். அந்தச் சத்தம் இருக்கிறதே, வெண்ணெயில் கத்தி இறங்கின மாதிரி.

“மூடி!” என்று டாக்டர் கத்தினார். “மூடியக் கழட்டலீங்கண்ணா! பிலிமுல எட்டுதான் மிச்சம் இருந்துச்சு, ஒண்ணு போச்சு!”

என் சந்தைக் கேமராவில் லென்ஸ் மூடி போட்டிருந்தால் உள்ளே இருட்டாகத் தெரியும். இதில் நாம் பார்க்கிற ஜன்னல் வேறு, படம் விழுகிற கண்ணாடி வேறு. மூடியிருந்தாலும் உலகம் தெரிந்துகொண்டேதான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கையில் வாங்கிப் பார்த்திருக்கிறேனே தவிர, படம் எடுத்ததில்லை. எனக்கு அது எப்படித் தெரியும்?

நானும் விசிறியைப் பார்த்தேன். அதன் பேரிங்கில் சத்தம் வருவதை அன்றுதான் கவனித்தேன்.

“எட்டுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்றார் டீச்சரம்மா.

நான் திட்டு வாங்கியபோது வாய் திறக்காத மனிதர், ஒரு படம் வீணானதும் தாங்க முடியாமல் கத்திவிட்டார். இனி மறைக்க என்ன இருக்கிறது? “நாந்தான் வாங்குனேன்” என்றார். என் மனைவி பெருமூச்சு விட்டு, அவர் கையில் இன்னொரு பிடி பொரி போட்டாள்.

“ஒரு ரோலு முப்பத்தாறுல எட்டு போனா இருபத்தெட்டு. அதுல என்ன எடுத்தீங்க?”

“பூட்டு. துருப்புடிச்ச பூட்டு. அப்பறம் நெழலு.”

“ஆளு?”

“ஒரு தாத்தா. பீடி புடிச்சிட்டிருந்தாரு.”

“அந்தத் தாத்தா பீடி புடிக்கறப்ப நானும் வூட்ல சும்மாதானே உக்காந்திருந்தேன்?”

“நம்ம வூட்ல லைட்டு சரியா விழாதும்மா” என்றார் டாக்டர், பழக்கத்தில். மெடிக்கல் ஷாப்காரர் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

டீச்சரம்மா சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை. “மிச்சம் ஏழு. ஏழுலயும் நாளைக்கு என்னையப் புடிங்க. ஒண்ணாவது பார்க்கற மாதிரி வந்துச்சுன்னா கேமரா இருக்கட்டும். இல்லைன்னா பன்னண்டும் போயிரும்” என்றார். வாழைப்பழம் ஒன்றை உரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

மறுநாள் விஜயதசமி. காலையில் டாக்டர் மொட்டை மாடியில் ஏழு படங்களும் எடுத்து, மதியம் எக்ஸ்ரே அறையிலேயே கழுவினார். ஆறில் கை ஆடியிருந்தது. ஏழாவது நன்றாக இருந்தது. கேமரா விற்கப்படவில்லை. நான் கடையைப் பாதியில் மூடிவிட்டு, மனைவியோடு பஸ் ஏறித் தருமபுரி போய் வாஷிங் மெஷின் விலை கேட்டுவிட்டு வந்தேன்.