ஆனைக்கரைச் சரிவில் அடம்பிடித்த கார்

காலை ஐந்து மணிக்கு மீனாட்சிபுரத்தில் கிளம்பினோம். ஓட்டியது நான், பக்கத்தில் என் அண்ணன். மாடு கறக்க ஆள் வேண்டுமென்று வீட்டுக்காரர் நின்றுவிட்டார். உடுமலை, மறையூர் வழியாக மூணாறு போய், அங்கே விடுதியில் வேலை பார்க்கும் என் மகன் பிரபுவை ஏற்றிக்கொண்டு ஆனைக்கரை போக வேண்டும். சுமார் இருநூறு கிலோமீட்டர். அவனோடு வேலை பார்க்கும் ரம்யாவைப் பெண் கேட்கத்தான் இந்தப் பயணம். எனக்குச் சம்மதம்தான். ஆனால் தாய்மாமன் தலையாட்டாமல் எங்கள் வீட்டில் தாம்பூலத் தட்டு மாற்ற முடியாது. அண்ணனுக்கோ, இத்தனை தொலைவில் சம்பந்தமா என்ற முனகல்.

எட்டு மணிக்கு மறையூரில் சாயா, பதினைந்து ரூபாய். அங்கே சந்தன மரங்களுக்கு இருக்கும் காவல் எங்கள் பக்கத்து நகைக்கடைகளுக்குக்கூடக் கிடையாது.

மூணாறில் பெட்ரோல் ஊற்றலாம் என்றேன். அண்ணன் விடவில்லை. எல்லையோரத்துக்காரர்களுக்கு இது ரத்தத்தில் ஊறிய புத்தி: கேரளத்தில் லிட்டருக்கு நாலைந்து ரூபாய் கூட, ஆகவே தமிழ்நாட்டில்தான் ஊற்றுவோம். திரும்பும்போது கம்பத்தில் இறங்கி ஊற்றிக்கொள்ளலாம் என்றார்.

ஒரு மணிக்கு ஆனைக்கரை. ஏலத்தோட்டத்துக்கு நடுவே, செங்குத்தான ஒரு சரிவின் உச்சியில் பெண் வீடு. வாசல்வரை ஏற்றி, மூக்கு வானத்தைப் பார்க்க நிறுத்தினேன். சாப்பாடும் பாயசமும் அருமை. கடைசியில் அண்ணன், ஊருக்குப் போய்ச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டார். ரம்யாவின் முகம் வாடிப்போனது. பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மூன்றரை மணிக்குச் சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் சுற்றியது, இன்ஜின் பிடிக்கவில்லை. நாலைந்து தடவை பார்த்தேன், அதே கதைதான்.

அண்ணன் பெண்ணின் அப்பாவிடம் குரலைத் தாழ்த்தாமலே சொன்னார்: "பொறப்படறப்பவே வண்டி நின்னு போச்சு. இது நல்ல சகுனமாத் தெரியலீங்க."

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. பெண்ணின் அப்பா கட்டப்பனையிலிருந்து மெக்கானிக்கை வரவழைக்கப் போனை எடுத்தார். கொஞ்சம் பொறுக்கச் சொன்னேன். மெக்கானிக் வந்தால் வண்டி கிளம்பிவிடும். சகுனம் அங்கேயே நின்றுவிடும்.

ஸ்டார்ட்டர் சுறுசுறுப்பாகச் சுற்றியதால் பேட்டரியில் குறையில்லை. டேஷ்போர்டில் சாவி விளக்கு எரிந்து அணைந்தது, ஆகவே சாவியையும் வண்டி அடையாளம் கண்டுகொண்டது. மிச்சம் பெட்ரோல். பிரபுவைச் சாவியைப் பாதி திருப்பச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் காதை வைத்துக் கேட்டேன். அடியில் பம்ப் ஓடத்தான் செய்தது, ஆனால் வழக்கமான கனத்த உறுமல் இல்லை, வறண்ட இரைச்சல். கோடையில் தண்ணீர் இறங்கிப்போனால் எங்கள் கிணற்று மோட்டார் போடும் அதே சத்தம். முள் என்னவோ கால் டேங்க் என்றது. மேட்டில் சாய்ந்து நிற்கும் வண்டியில் முள் சொல்வதை எப்படி நம்புவது?

"பம்பு காத்து இழுக்குதுங்கண்ணா. இருக்கற கொஞ்ச பெட்ரோலும் மேட்டுல ஒரு பக்கமா ஒதுங்கிப் போச்சு," என்றேன். "சகுனமெல்லாம் இல்லீங்க. மூணாறுல ஊத்தாத பெட்ரோல்."

அண்ணன் எட்டிப் பெட்ரோல் முள்ளைப் பார்த்தார்.

வண்டியைச் சமதளத்துக்குப் பின்னோக்கி இறக்க வேண்டும். இன்ஜின் ஓடாத காரில் பிரேக் கல்லாக இறுகும், ஸ்டீயரிங் மல்லுக்கு நிற்கும். பிரபுவை இறங்கச் சொல்லிவிட்டு நான் ஏறி உட்கார்ந்தேன். அப்போது ரம்யா பட்டுப்புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, இரண்டு கையிலும் ஒரு கல்லைத் தூக்கியபடி பின்சக்கரத்தருகே வந்தாள். அதுவரை என்னை முறை சொல்லிக் கூப்பிடாதவள்.

"நீங்க பைய விடுங்க அத்தை. நிக்கலேன்னா நான் கல்லப் போட்டுருதேன்."

கால்பிரேக்கை அழுத்தி மிதித்து, ஹேண்ட்பிரேக்கையும் பிடித்தபடி அங்குலம் அங்குலமாக இறக்கினேன். அவள் கூடவே நடந்து வந்தாள். கல்லுக்கு நான் வேலை வைக்கவில்லை. கீழே தார்ச்சாலையில் நிறுத்தி, பெட்ரோல் ஏறட்டுமென்று சாவியை இரண்டு மூன்று முறை போட்டுப் போட்டு அணைத்தேன். பிறகு ஸ்டார்ட் செய்தேன். பிடித்துக்கொண்டது. லைசென்ஸ் வாங்கிய அன்றுகூட நான் இத்தனை பெருமைப்பட்டதில்லை.

மீனாட்சிபுரத்தில் தரையில் பந்தை வைத்தால் வைத்த இடத்தில் கிடக்கும். அங்கே எத்தனை வருஷம் ஓட்டியிருந்தாலும் என் கை இப்படி நிதானித்திருக்காது, இப்படி ஒரு துணையையும் கண்டிருக்க மாட்டேன்.

மேலே வாசலில் அண்ணன், கல்லும் கையுமாகச் சரிவேறி வரும் ரம்யாவையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் அவரைத் தாண்டி உள்ளே போனதும், என்னைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

"வண்டிய ஆப் பண்ணீட்டு மேல வா அம்மிணி. தட்டு மாத்தோணும்."

அணைத்தேன். மறுபடியும் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை.