பட்டறை ஸ்கேலும் ரோலர் கோஸ்டரும்

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தரை மணிக்கு விருத்தாசலத்தில் எங்கள் வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. சென்னைப் பக்கம் இருக்கும் அந்தப் பெரிய கேளிக்கைப் பூங்காவுக்கு இருநூறு கிலோமீட்டர் சொச்சம். குடும்பமாகப் போவது இதுதான் முதல் தடவை. பத்து நாளாகத் திட்டம் போட்டது முழுக்க நான்தான் என்பதைப் பெருமையாகவே சொல்லிக்கொள்கிறேன். செராமிக் பட்டறையில் பொம்மைக்கு அச்சு செய்கிறவள் நான். சூளைக்குள் எதை எந்தத் தட்டில் அடுக்குவது என்று யோசிக்கிற மாதிரி, எந்த ராட்டினம் முதலில், எது சாப்பாட்டுக்கு அப்புறம் என்று தாளில் எழுதி வைத்திருந்தேன்.

அந்தத் தாளில் ஒரு வரியை மட்டும் அடித்திருந்தேன். அது ரோலர் கோஸ்டர். நூற்று நாற்பது சென்டிமீட்டர் உயரம் இல்லாதவர்களை ஏற்ற மாட்டார்களாம். ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் நஸ்ரினுக்கோ அதில் அவள் அத்தாவோடு ஏற வேண்டும் என்பதுதான் ஒரே ஆசை. ஷார்ஜாவில் வேலை பார்க்கும் என் கணவர் இப்போது விடுப்பில் வந்திருக்கிறார். வெள்ளிக்கிழமை விமானம் ஏறினால் திரும்பி வர இரண்டு வருஷம் ஆகும். பட்டறையிலிருந்து இரும்பு ஸ்கேலை எடுத்துவந்து, அவளைக் கதவோரம் நிறுத்தி, தலைக்கு நேரே கோடு போட்டு அளந்து, பக்கத்திலேயே எண்ணை எழுதினேன். நூற்று முப்பத்தொன்று.

"ஸ்கூலுல நூத்தி நாப்பத்தி மூணுன்னு எழுதியிருக்காங்கம்மா."

"அவங்க அவசரத்துல அளந்திருப்பாங்க. நான் அச்சுக்காரி. என் அளவு இம்மி தப்பாது" என்றேன். அழுதுவிட்டாள். எனக்கும் மனசு கேட்கவில்லை, ஆனால் அளவு அளவுதானே.

உளுந்தூர்பேட்டையில் நெடுஞ்சாலையைப் பிடித்தோம். ஏழரைக்குத் திண்டிவனம் தாண்டி டீ, ஒன்று பதினைந்து ரூபாய். வெளிச் சாப்பாட்டை உள்ளே விட மாட்டார்கள் என்பதும் என் தாளில் இருந்ததால், கட்டி வந்த இடியாப்பத்தை அங்கேயே காலி செய்தோம். ஒன்பதரைக்குப் பூங்கா வாசல். தூரத்தில் ரோலர் கோஸ்டர் வளைந்து நெளிந்து நின்றது. காரோட்டி வந்த செல்வம் அண்ணன், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தை ஒட்டிய கம்மாபுரத்துக்காரர். "இதென்னங்க, எங்கூரு சொரங்கத்துல மண்ணு அள்ளுற மிஷினு இத வுடப் பெருசு" என்றார். ஊரை விட்டுக்கொடுக்காத மனுஷர்.

பன்னிரண்டு மணிக்குள் ஆறு ராட்டினம் முடிந்தது. என் தாள் ஓரிடத்திலும் சறுக்கவில்லை. ரோலர் கோஸ்டர் பக்கம் வந்ததும், "அவ ஏறாம நானும் ஏறல" என்றார் கணவர். நஸ்ரின் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேலேயே பார்த்தாள். அங்கே வேலையிலிருந்த பெண் அவளைக் கூப்பிட்டு, உயரம் பார்க்கும் கம்பத்தில் நிறுத்தினாள். கோட்டுக்கு மேலே இரண்டு விரல் தலை.

"நூத்தி நாப்பத்தி நாலு. ஏறலாம்கா."

நான் சும்மா இருந்திருக்கலாம். இருந்தால் நான் அச்சுக்காரியா? "ஒங்க கம்பம் தப்புங்க. இவ நூத்தி முப்பத்தொண்ணுதான். நானே அளந்தேன்."

அந்தப் பெண் சிரித்துவிட்டாள். "அக்கா, ஏத்தச் சொல்லித்தான் தினமும் சண்ட போடுவாங்க. ஏத்தாதேன்னு சண்ட போடுறது நீங்க ஒருத்தர்தான்."

"எந்த ஸ்கேலுல அளந்த நீ?" என்று கேட்டார் கணவர்.

"பட்டறை ஸ்கேலுலதாங்க..." சொல்லும்போதே எனக்கு உறைத்தது. மண் பொம்மை சூளையில் வெந்தால் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதனால் அச்சைப் பெரிதாகச் செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் கணக்குப் போடாமலிருக்க, எங்கள் ஸ்கேலில் சென்டிமீட்டரே சற்று நீளமாகக் கோடு போட்டிருக்கும். அதில் எதை அளந்தாலும் எண் குறைவாகத்தான் வரும். பதினாலு வருஷமாக அதைப் பிடித்த கை வீட்டிலும் அதையே பிடித்து, என் மகளைச் சூளையில் வேகவைத்து எடுத்த உயரத்தைச் சொல்லியிருக்கிறது.

இருவரும் ஏறினார்கள். நான் கீழே இரண்டு ஜோடி செருப்போடு நின்றேன். உச்சியில் அவர்கள் கை கோத்திருந்ததைப் பார்த்தபோது கண் கலங்கியது. இறங்கி ஓடி வந்தவள், "அத்தாதாம்மா கத்துனாங்க. நான் கத்தவேயில்ல" என்றாள். அவர் மறுக்கவில்லை. அவர் முகத்தில் அவ்வளவு பெருமை.

மறுநாள் காலை, கதவோரக் கோட்டின் பக்கத்தில் நான் எழுதியிருந்த எண்ணை அழித்து, நூற்று நாற்பத்து நான்கு என்று அவரே பென்சிலால் எழுதினார். "மாசாமாசம் கோடு போட்டு எனக்கு போட்டோ அனுப்பு. கடையில வாங்குன டேப்பால அளந்து" என்றார். பட்டறையில் நான் அளக்கிறதெல்லாம் சுருங்கப் போகிறவை. இவள் வளரப் போகிறவள் என்பதை, இத்தனை நாள் பக்கத்திலேயே இருந்தும் நான்தான் மறந்திருக்கிறேன்.