ஒரு பக்கமாக உருகும் மெழுகுவர்த்தி

மகள் லைட்டை அணைத்துவிட்டு, டேபிள் ஃபேனுக்கு எதிரே உட்கார்ந்து, புதிதாக வந்த வாசனை மெழுகுவர்த்தியை ஏற்றினாள். அது அவள் பக்கமே உருகியது. "டூப்ளிகேட்டுப்பா, ரிட்டர்ன் போடப் போறேன்" என்றாள்.

மல்லிகை வாசனையையும் மீறித் திரி கருகும் நெடி வந்தது. அது எனக்குப் பழகிய நெடி.

பம்மல் வீட்டில் கரண்ட் போனால், கவிழ்த்த எவர்சில்வர் டம்ளர்மேல் மெழுகுவர்த்தியை நிறுத்துவோம். ஒரு பக்கம் நானும் தங்கையும் புத்தகத்தோடு இருப்போம். எதிரே, தோல் பதனிடும் ஷெட்டிலிருந்து வந்து குளித்த அப்பா எங்களுக்கு விசிறிக்கொண்டே இருப்பார். மெழுகு எப்போதும் எங்கள் பக்கம் வழிந்து கணக்கு நோட்டில் சொட்டும். "திரிய நடுவுல வெக்கத் தெரியாதவன்லாம் வத்தி செய்றான்" என்று அப்பா திட்டுவார். கடை கடையாக மாற்றிப் பார்த்தார்.

அம்மாதான் ஒருநாள் சொன்னாள்: "வத்தி நல்லாத்தான் கீது. நீ விசிறிகினே கீற, நெருப்பு புள்ளைங்க பக்கம் சாயுது."

அப்பா விசிறியை நிறுத்தவில்லை. மெழுகுவர்த்தியை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்தார். அது நேராக எரிந்தது. எங்கள் புத்தகம் முழுக்க அவர் நிழல். படிக்க வழியில்லாமல், சுகமாகக் காற்று வாங்கினோம்.

"வத்தி மேல தப்பில்லம்மா" என்று மகளிடம் சொல்லி, அதை டேபிள் ஃபேனுக்குப் பின்னால் நகர்த்தினேன். சுடர் நிமிர்ந்தது. ஃபேனின் பெரிய நிழல் அவள்மேல் விழுந்தது. காற்றும் அவள்மேல்தான் வீசிக்கொண்டிருந்தது.