ததும்பிய கிண்ணம்

வாசலுக்கு வந்தவர் பகையாளியே ஆனாலும், "உங்க காலடி எங்க கண்மேல" என்பது தஜிக்குகளின் வழக்கம். மானமுள்ள யாரும் அதைக் கேட்டுக் கண்மேல் காலை வைப்பதில்லை. சோவியத் வல்லரசு வைத்தது, பூட்ஸோடு.

குல்மஹ்மத் சோவியத் தஜிகிஸ்தானின் கூலாப் ஊரில் பம்பு இன்ஜினியர். 1978இல் அவரை எல்லை ஆற்றின் அக்கரைக்கு, ஆப்கன் பக்கம் அனுப்பினார்கள். அங்கேயும் அவர் பேசும் பேச்சுதான். ஆகவே பகலில் பம்பு பார்க்கவும், அதிகாரிகள் கூப்பிட்டால் மொழிபெயர்க்கவும் ஒரே ஆள் போதும் என்று முடிவாயிற்று.

அக்கரையில் உள்நாட்டுச் சண்டை. காபூல் அரசு ஒரு பக்கம், மலையில் கலகக்காரர்கள் ஒரு பக்கம். எங்களுக்கு இதில் வேலையில்லை என்றது மாஸ்கோ. ஆலோசகர்கள் மட்டும் போனார்கள். ஆலோசகர்களைச் சுமக்க ஹெலிகாப்டர் போனது. ஹெலிகாப்டரைக் காக்க உள்ளூர் உடுப்பு மாட்டிய சிப்பாய்கள் போனார்கள். சிப்பாய்களைக் காக்க ஒரு பட்டாளம். கோவணத்தை எலி கடிக்கிறதென்று பூனை வளர்த்து, பூனையின் பாலுக்கு மாடு வாங்கிச் சம்சாரியான சாமியாருக்குக் கோவணமாவது சொந்தம். இவர்களுக்கு அதுவும் இல்லை.

1979 இலையுதிர் காலத்தில் கர்னல் குர்னோசவ் சர்சங் கிராமத்துக்குக் கிளம்பினார். அங்கே ஒரு பாலம். பாலத்தில் காவல் போட வேண்டுமாம். குல்மஹ்மத் கூடப் போனார்.

ஊர்த் தலைவன் மிர்சா கலந்தருக்குக் குல்மஹ்மதின் வயதுதான். இரண்டு தரப்புக்கும் ஆடு வெட்டிப் போட்டு, இரண்டு தரப்பையும் வாசலோடு அனுப்பி, அதுவரை ஊரைச் சண்டையில் சிக்காமல் வைத்திருந்தவன். பாலத்தில் ஒரு வெளிநாட்டுச் சிப்பாய் நின்றால் போதும், மலைத் துப்பாக்கிகள் எல்லாம் ஊர்ப்பக்கம் திரும்பிவிடும்.

கர்னல் சொன்னதைக் கேட்டுவிட்டு மிர்சா நெஞ்சில் கை வைத்தான். "உங்க காலடி எங்க கண்மேல." பிறகு கர்னலின் கிண்ணத்தை எடுத்து, விளிம்பைத் தொட்டு வழியும்வரை டீ ஊற்றினான்.

கர்னல் பூரித்துப்போனார். "பாத்தீங்களா, நம்மாளு! எவ்வளவு தாராளமா ஊத்துறான்!"

"தோழர் கர்னல், இங்க மதிக்கிற ஆளுக்குக் கொஞ்சூண்டுதான் ஊத்துவாங்க. திரும்பத் திரும்ப ஊத்தி உக்கார வைக்கத்தான். ததும்ப ஊத்துனா, குடிச்சிட்டு எடத்தக் காலி பண்ணுன்னு அர்த்தம்."

"வாய் என்ன சொல்லுச்சு?"

"காலடி கண்மேலன்னு. அது சும்மா வாசல் பேச்சு தோழர். வர வேணாம்னுதான்…"

"நீங்க பம்பு இன்ஜினியர். வார்த்தைய மட்டும் சொல்லுங்க, டீக்கெல்லாம் அர்த்தம் சொல்லாதீங்க."

வாசலில் மிர்சா குல்மஹ்மதின் தோளைப் பிடித்தான். "ஏம்பா, அந்தத் தடியன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன் அண்ணே."

"என்னங்கிறான்?"

"டீ நல்லாருக்காம்."

மிர்சா சிரித்தான். கண்ணைத் துடைத்துக்கொண்டான். "அப்ப ஊரு போச்சு, போ."

மக்கள் விரும்பி அழைக்கிறார்கள் என்று கர்னல் மேலிடத்துக்குச் சொன்னார். குளிர்காலத்தில் சிப்பாய்கள் வந்தார்கள். அவர்களுக்குத் துணையாக டாங்கி வந்தது. டாங்கிக்குப் பார்வை மறைக்கிறதென்று முசுக்கட்டை மரங்களை வெட்டினார்கள். மலையிலிருந்து சுட்டார்கள். பாலத்திலிருந்து திருப்பிச் சுட்டார்கள். ஊர் நடுவில் இருந்தது. வசந்தத்தில் பாலம் பத்திரமாக நின்றது, அதைக் கடக்க ஆள் இல்லை. மிர்சாவை அவன் வாசல் இடிபாட்டிலிருந்து எடுத்தார்கள்.

பட்டாளம் ஒன்பது வருஷம் கழித்து, கொடி பிடித்துக்கொண்டு, வந்த வழியே திரும்பியது. அந்த நாடு சண்டையை நிறுத்தவில்லை. குல்மஹ்மத் கூலாபில் மறுபடி பம்பு பார்த்தார். அரசு கொடுத்த பதக்கத்தைக் கருவிப் பெட்டியில், தேய்ந்த வாஷர்களோடு போட்டுவைத்தார். சர்சங் பற்றிக் கேட்டால், "டீ நல்லாருந்துச்சு" என்பார்.

போன மாதம் அவர் இதயம் நின்றுபோனது. துக்க வீட்டுக்குப் பழைய வீரர்களின் சங்கத்திலிருந்து ஒரு ரஷ்ய அதிகாரி வந்தார். நட்பு நாட்டின் அழைப்பை ஏற்றுப் போன மாவீரர் என்று எழுந்து நின்று பேசினார். கூடத்தில் யாரும் தலை நிமிரவில்லை.

குல்மஹ்மதின் மகள் எழுந்தாள். அதிகாரியின் கிண்ணத்தை வாங்கி, வழிய வழிய ஊற்றி நீட்டினாள். சுற்றியிருந்த தஜிக்குகள் மூச்சைப் பிடித்துக்கொண்டார்கள்.

அவர் உறிஞ்சிக் குடித்தார். உதட்டைத் துடைத்துக்கொண்டார்.

"நல்லாருக்கும்மா. இன்னொன்னு ஊத்து."