சாம்பல் நிறப் பசை

அந்தக் கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான். என் மனைவி மாரீஸ்வரி இல்லை. அவள் கையில் ஒட்டியிருந்த பட்டாசு மருந்தும் இல்லை. நான்... என்னுடைய இந்த இரண்டு விரல்கள்.

ஒரு பெட்டி பழுதானதற்கா இத்தனை பீடிகை என்று நீங்கள் நினைக்கலாம். பெட்டி போனால் போகட்டும், அதற்காக நான் அழவில்லை. கெடுத்தது யார் என்பதில் நான் ஒரு பொய் சொன்னேன். அந்தப் பொய் இன்றுவரை என் வீட்டில் மூன்று வேளையும் என்னோடு உட்கார்ந்து சாப்பிடுகிறது.

உங்களிடம் சொல்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. நீங்கள் என் தெருவில் இல்லை. என்னைப் பார்த்தால் உங்களுக்கு அடையாளம் தெரியாது. கோழைகளுக்கு இப்படி ஓர் இடம் வேண்டியிருக்கிறது.

எங்களுக்குச் சிவகாசி பக்கத்தில் நாரணாபுரம். மாரீஸ்வரி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் பூச்சட்டிக்கு மருந்து செலுத்துகிறாள். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், சாயங்காலம் கொண்டுவந்து இறக்கும். இறங்கும்போது அவள் கையைப் பார்க்க வேண்டும். அலுமினியப் பவுடர் படிந்து, முழங்கை வரைக்கும் சாம்பல் நிறத்தில் மினுங்கும். சோப்புக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. தேங்காய் எண்ணெய் தடவி, கடலை மாவு தேய்த்து, அப்புறம்தான் சோறு பிசைவாள்.

நான் வீட்டில் இருந்தபடி சிவகாசி அச்சகங்களுக்குக் காலண்டர் டிசைன் செய்துகொடுத்தேன். சாமி படம், தேதிக் கட்டம், ராகு காலம், அடியில் நகைக்கடைக்காரரின் பெயர்... இதுதான் என் பிழைப்பு. அதற்கென்று மதுரையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். பெரிய டப்பா இல்லை. தடித்த டைரி ஒன்றைப் படுக்க வைத்தால் எவ்வளவு இருக்குமோ அவ்வளவுதான். அலமாரித் தட்டில் சமர்த்தாக உட்கார்ந்துகொள்ளும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாரீஸ்வரி அதன் முன்னால் உட்காருவாள். தலைக்குக் குளித்து, கையைத் துடைத்துத் துடைத்து, ஒரு தடவை முகர்ந்தும் பார்த்துவிட்டுத்தான் மவுஸைத் தொடுவாள். நான் சொல்லிக்கொடுத்தேன். வெகு சீக்கிரமே தேதிக் கட்டங்களை அவளே நிரப்ப ஆரம்பித்தாள். திரையில் ஒரு மாதம் முடிந்ததும் என்னைத் திரும்பிப் பார்ப்பாள் பாருங்கள்... அந்தப் பார்வையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வேன்?

அப்போதுதான் அச்சக அண்ணாச்சி ஒருவர் தினசரி காலண்டர் ஆர்டர் தருவதாகச் சொன்னார். ஆண்டு முழுவதற்கும் நாளுக்கொரு தாள். வருடா வருடம் வரும் நிரந்தர வேலை. ஒரு ஆளால் ஆகாது, இரண்டு பேர் உட்கார வேண்டும்.

"ஃபைலு லேட்டாச்சுன்னா மெஷின் நிக்கும் தம்பி. ஒம்ம கம்ப்யூட்டரு தாங்குமா?" என்று கேட்டார்.

தாங்காது என்று எனக்குத் தெரியும். கொஞ்சம் பெரிய ஃபைலைத் திறந்தாலே அது மூச்சு வாங்கும். ஆனால் உள்ளே இருக்கும் ப்ராசஸர் சில்லை மட்டும் எடுத்துவிட்டு, அதே இடத்தில் உட்காரக்கூடிய வேகமான ஒன்றைப் போட்டால் போதும் என்று தெரிந்துகொண்டிருந்தேன். தாங்கும் அண்ணாச்சி என்றேன்.

வீட்டில் வந்து சொன்னேன். மாரீஸ்வரி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப நான் கம்பெனிக்குப் போகாம நின்னுக்கிடவா?"

"நின்னுக்கோ. சீசன் முடியட்டும்."

அவள் சிரித்ததை நான் வர்ணிக்கப் போவதில்லை. அந்தச் சிரிப்பைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இல்லை.

ஒன்று மட்டும் சொன்னாள். "டவுன் கடையில குடுத்து மாத்திக்கிடுங்க. தெரியாத வேலையில கைய வைக்காதீக."

எனக்குச் சுருக்கென்றது. வீடியோவில் பார்த்துவிட்டேன், சின்ன வேலைதான் என்றேன். பொண்டாட்டி சொல்லி நான் என்ன கேட்பது... அந்த எண்ணம்தான், வேறென்ன! ஆம்பளை என்ற வீம்பு.

மறுநாள் சாயங்காலம் சாரல் அடித்தது. நான் டீக்கடையில் இருந்தேன். வேனிலிருந்து இறங்கி வீட்டுக்குள் வந்தவள், ஜன்னல் வழியாக அலமாரித் தட்டில் தண்ணீர் தெறிப்பதைப் பார்த்துவிட்டு, கையைக் கழுவக்கூட நிற்காமல் பெட்டியைத் தூக்கி உள்பக்கம் வைத்திருக்கிறாள். அவள் செய்தது அவ்வளவுதான். நான் வந்தபோது பெட்டி நனையாமல் இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் அதில் வேலையும் பார்த்தேன். நன்றாகவே ஓடியது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

அடுத்த நாள் அவள் வேலைக்குப் போன பிறகு மூடியைக் கழற்றினேன். காற்றாடியைத் தூக்கினேன். அதன் அடியில், சூடு கடத்துவதற்காகத் தடவியிருந்த சாம்பல் நிறப் பசை காய்ந்து கிடந்தது. துடைத்தேன். கொக்கியை விடுவித்துப் பழைய ப்ராசஸரை வெளியே எடுத்தேன். கீழே இருக்கும் சாக்கெட்டில் முடியைவிட மெல்லிய கம்பிகள் நாற்றங்கால் மாதிரி நெருக்கமாக நின்றன.

இந்தக் குட்டிப் பெட்டிகளில் விரல் நுழைய இடம் இருக்காது. வாங்கி வைத்திருந்த புது ப்ராசஸரை இரண்டு விரலால் விளிம்பில் பிடித்து இறக்கினேன். போன் அடித்தது, யாரோ கூப்பிட்டார்கள் என்று ஏதாவது சாக்குச் சொல்ல ஆசைதான். ஒன்றும் நடக்கவில்லை. வீடு அமைதியாக இருந்தது. என் விரலிலிருந்து அது நழுவியது... ஒரு மூலை நேராகக் கம்பிகளின் மேல் விழுந்தது.

சத்தமே இல்லை. எடுத்துப் பார்த்தால் அந்த மூலையில் கம்பிகள் படுத்துக் கிடந்தன.

அப்போதாவது நிறுத்தினேனா? மாரீஸ்வரியின் தையல் ஊசியை எடுத்து வந்து நிமிர்த்தப் பார்த்தேன். ஒன்று நிமிர்ந்தால் பக்கத்தில் இரண்டு சாய்ந்தன. கடைசியில் ஒன்று ஒடிந்தே வந்துவிட்டது. அதற்குமேல் புத்தி வேலை செய்யவில்லை. ப்ராசஸரை வைத்து அழுத்தி, புதுப் பசையை அள்ளி அப்பி, காற்றாடியைப் பூட்டி, சுவிட்சைப் போட்டேன். காற்றாடி சுற்றியது, நின்றது. மறுபடி சுற்றியது, நின்றது. திரை கறுப்பாகவே இருந்தது. பழையதையே திரும்பப் போட்டுப் பார்த்தேன். அதுவும் அப்படித்தான். என்ன செய்வதென்று தெரியாமல் திறந்த பெட்டிக்கு முன்னால் சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தேன்.

அவள் வந்தாள். அதே மினுங்கும் கைகளோடு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டாள்.

"என்னாச்சுங்க?"

"ஆன் ஆக மாட்டேங்குது."

கிட்டே வந்து குனிந்தாள். சாக்கெட்டின் ஓரத்தில் நான் அவசரத்தில் அப்பிய பசை பிதுங்கி, இழுவிக் கிடந்தது. அதைப் பார்த்தாள். பிறகு தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இரண்டும் ஒரே நிறம்.

"இது... எங்க மருந்து மாதிரில்ல இருக்கு? நேத்து சாரலுக்கு நான்தான் தூக்கி வச்சேன். கை கழுவலையே... உள்ள போயிருச்சாங்க?"

அது பசை என்று சொல்லியிருக்க வேண்டும். இரண்டே வார்த்தை. என் வாயில் அந்த இரண்டு வார்த்தை இருந்தது, உங்கள் மேல் சத்தியமாக இருந்தது.

"இருக்கும்" என்றேன்.

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். தன் கைகளை மடியில் வைக்காமல், எதிலும் படாமல், தூக்கிப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நான் சும்மா இருந்தேன்.

அன்றைக்கு நான் சொன்னது பாதிப் பொய் என்று வைத்துக்கொண்டாலும், மறுநாள் அண்ணாச்சியிடம் சொன்னது முழுப் பொய். "வீட்ல மருந்துக் கையோட தொட்டுட்டா அண்ணாச்சி" என்றேன். வேறு ஊராக இருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார்கள். எங்கள் பக்கத்தில் இதற்குமேல் யாரும் கேட்க மாட்டார்கள். "அந்தப் பவுடரு போகாத எடம் ஏது தம்பி" என்று அவரே எனக்காக வருத்தப்பட்டார். ஆர்டர் வேறு ஒருவருக்குப் போனது.

கடையில் கொடுத்துப் பார்க்கலாமே என்று மாரீஸ்வரி கேட்டாள். கொடுத்திருந்தால் ஒருவேளை சரியாகியிருக்கும்... ஆனால் கடைக்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தால் ஊசி பட்ட தடம் தெரிந்துவிடுமே! இனி அதில் ஒன்றுமில்லை என்று சொல்லிப் பழைய இரும்பு வண்டியில் போட்டுவிட்டேன். என் பெயரைக் காப்பாற்ற அவளுடைய மிச்ச நம்பிக்கையையும் எடை போட்டு விற்றேன்.

நான் ஓர் அச்சகத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தேன். அவள் கம்பெனிக்குப் போவதை நிறுத்தவில்லை. சில வருடம் கழித்து வீட்டுக்கு வேறு கம்ப்யூட்டரும் வந்தது. உட்காரு, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று எத்தனையோ தடவை கூப்பிட்டுவிட்டேன்.

"எங் கைக்கு அது ஆகாதுங்க" என்பாள். அவ்வளவுதான்.

எங்கள் மகள் பாட வேலை செய்யும்போது "அம்மா, வந்து பாரேன்" என்று கூப்பிடுவாள். மாரீஸ்வரி போய்ப் பின்னால் நின்று பார்ப்பாள், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு. குளித்து முடித்த சுத்தமான கைகளை! கம்பெனியில் ரூமுக்குள் நுழையுமுன், பொறி பறக்காமல் உடம்பு மின்சாரம் இறங்குவதற்காகச் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போகிறவள் அவள். கொலுசு போடுவதில்லை, நைலான் சேலை கட்டுவதில்லை. இத்தனை வருடத்தில் அவள் கையால் அங்கே ஒரு தவறு நடந்ததில்லை. அந்தக் கையைத்தான் அவளே நம்பாமல் போகும்படி செய்தேன்.

அவ்வப்போது எங்கேயாவது வெடிக்கும். சத்தம் கேட்கும், இல்லாவிட்டால் தூரத்தில் புகை தெரியும். அச்சகத்தில் எல்லோரும் வெளியே ஓடிவந்து எந்தப் பக்கம் என்று பார்ப்போம். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் என்றால் உடனே அவளுக்குப் போன் போடுவேன். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள், வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இது எனக்குத் தெரியும். தெரிந்தும் போடுவேன். அது அடித்துக்கொண்டே இருக்கும்... அந்த நேரத்தில் நான் என்ன வேண்டுவேன் என்று நினைக்கிறீர்கள்? இன்றைக்கு மட்டும் அவள் திரும்பி வரட்டும், உண்மையைச் சொல்லிவிடுகிறேன் என்று வேண்டுவேன். அவள் வருவாள். நான் சொல்ல மாட்டேன்.

சமீபத்தில்தான் சொன்னேன். எங்கோ நடந்த விபத்தைத் தொடர்ந்து சோதனை என்று அவள் கம்பெனியைச் சில நாள் மூடியிருந்தார்கள். அவள் கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன். அந்தப் பழைய கம்ப்யூட்டரைக் கெடுத்தது நான்தான், கம்பியை வளைத்தது நான்தான், நீ பார்த்தது மருந்தில்லை, பசை என்று எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவள் கீரையைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். கையில் கிடைத்ததை எடுத்து எறிந்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

"ஏங்க, எனக்காண்டி இப்படிச் சொல்லுதீகளா?"

"இல்ல மாரீ. நெசமாத்தான்."

"நான் பாத்தேன்ல என் ரெண்டு கண்ணால. எங்க மருந்து எனக்குத் தெரியாதா?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அம்புட்டுப் பெரிய வேலை என்னால போச்சு. நீங்க ஒரு வார்த்தை திட்டல. வேற ஆம்பளையா இருந்தா அடிச்சிருப்பான். இப்ப அந்தப் பழியவும் ஒங்க தலையில போட்டுக்கிடப் பாக்கீக. போதும், விடுங்க."

திட்டவில்லையாம்... நான் எந்த முகத்தோடு அவளைத் திட்டியிருப்பேன்? என் திருட்டு மௌனத்தை அவள் இத்தனை வருடமாகப் பெருந்தன்மை என்று நினைத்துக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறாள்.

நிரூபிக்க வழியில்லாமல் இல்லை. இப்போதிருக்கும் கம்ப்யூட்டரிலும் காற்றாடிக்கு அடியில் அதே நிறப் பசைதான் இருக்கிறது. திறந்து காட்டினால் அவளால் மறுக்க முடியாது. எழுந்தேன். மேசை வரை போனேன். ஸ்க்ரூடிரைவரைக் கையில்கூட எடுத்துவிட்டேன்.

திரும்பிப் பார்த்தேன். என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தில் என் மேல் இருந்த மதிப்பை என்னால் இழக்க முடியவில்லை. ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டு, அவள் அருகில் உட்கார்ந்து கீரை ஆய ஆரம்பித்தேன். இந்த முறை என்னிடம் எந்தச் சாக்கும் இல்லை. தெரிந்தே செய்தேன்.

கம்பெனியைத் திறந்துவிட்டார்கள். முதல் நாள் வேன் வந்து திரும்பியபோதே அவள் தன் கூட்டாளிகளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருக்க வேண்டும். நேற்றுக் காலை அவளை ஏற்றிவிட நான் தெருமுனைக்குப் போனேன். ஜன்னலோரத்தில் இருந்த வயதான அக்கா ஒருவர் தலையை நீட்டி என்னைப் பார்த்தார்.

"மாரீ சொன்னா தம்பி. ஒங்கள மாதிரி ஆம்பள கெடைக்க அவ குடுத்து வச்சிருக்கணும்" என்று கையெடுத்துக் கும்பிட்டார்.

மாரீஸ்வரி வெட்கத்தோடு உள்ளே ஏறிக்கொண்டாள். வேன் ஏழாயிரம்பண்ணைப் பக்கம் திரும்பியது. நான் அந்த அக்காவுக்குப் பதில் கும்பிடு போட்டேன்.