திரேசம்மா கேட்ட ஜன்னல்

அமோனியா நெடி... தொண்ணூறுகளில் வீட்டு பிளானுக்கு பிரின்ட் போட்டவர்களுக்குத் தெரியும். மூக்கில் ஏறி, கண்ணில் தண்ணீர் வரவழைக்காமல் விடாது.

திண்டுக்கல்லில் என் ஆபீஸ் ஒரு தோல் கிடங்கின் மாடியில் இருந்தது. கீழே தோல், மேலே அமோனியா. வருகிற பார்ட்டி கண்ணைத் துடைத்துக்கொண்டே உட்காருவார். ஏதோ துக்க வீட்டில் டிசைன் பேசுகிற மாதிரியே இருக்கும்.

நான் சென்னையில் ஓவியம் படித்தவன். அது சோறு போடாது என்று அப்பா சொன்னதால் ஆர்க்கிடெக்ட் படிப்புக்குத் தாவினேன். இதுவும் போடாது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

ஓவியப் படிப்பு எனக்குக் கொடுத்தது ஒரு வியாதி. எதை வரைவதென்றாலும் ஒரு பகல் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து, வெளிச்சம் நகர்வதைப் பார்க்க வேண்டும்.

முதல் வீடு வடமதுரை தாண்டி, திருச்சி ரோட்டோரம். ஜெபமாலை சார் என்று ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் மனைவி திரேசம்மாவுக்கு இடுப்புக்குக் கீழே விளங்காது. அந்தம்மா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்பு, கட்டில்ல படுத்தமேனிக்கு எனக்கு ரோடு தெரியணும்யா. பஸ்ஸு போறது, சனம் போறது... அம்புட்டுதான்."

காலையிலேயே போய் காலி மனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். மடியில் போர்டு, கையில் பென்சில், பார்வை ரோட்டில். மத்தியானத்துக்குள் பத்துப் பேர் கூடிவிட்டார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இளநீர் வெட்டிக் கொடுத்தார். இன்னொன்று. மூன்றாவதைக் குடிக்கும்போதுதான் மெதுவாகக் கேட்டார்.

"ஐயா, ரோட்ட அகலப்படுத்தப் போறீகளா? எங்க வீட்ட மட்டும் விட்டுருங்கய்யா."

இளநீரை முழுசாக முடித்துவிட்டே உண்மையைச் சொன்னேன். "நான் ஆர்க்கிடெக்ட்ண்ணே. வீடு வரையிறவன்."

"வரைஞ்சு...? கட்டமாட்டீகளா?"

சிரித்தார்கள். எனக்குக் கொஞ்சம் ரோஷம். பெரிய மனுஷன் மாதிரி சொல்லிவைத்தேன். "பயப்படாதீங்க. இன்னும் அம்பது வருசத்துக்கு இந்த ரோட்ட ஒருத்தனும் தொடமாட்டான்."

எதை வைத்துச் சொன்னேன்? மூன்று இளநீரை வைத்துத்தான்.

கொத்தனார் கருப்பையா அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார். "தம்பி, பத்தடி உள்ள தள்ளிப் போட்டுக்கிருவோம். நாளப்பின்ன ரோடு வேல வந்தா..."

"பத்தடி தள்ளுனா அந்தம்மாவுக்குக் காம்பவுண்டு சுவர்தான்ணே தெரியும்."

"என்னமோ, படிச்சவுக சொல்றீக."

மனையின் விளிம்பிலேயே முன்னறை வந்தது. எல்லோரும் மூன்றடி உயரத்தில் ஜன்னல் வைப்பார்கள். நான் கட்டில் மட்டத்துக்கும் கீழே இறக்கினேன்.

அதற்கப்புறம் திரேசம்மாவுக்குத் தெரியாத விஷயம் அந்த ஊரில் இல்லை. யார் யார் பைக்கில் யார் உட்கார்ந்து போகிறார்கள் என்பது வரை. கண்டக்டர்கள் கை காட்டிவிட்டுப் போவார்கள். நான் போனால் ஊர் வம்பு மொத்தமும் எனக்கு வந்துவிடும். அந்த வீட்டைப் பார்த்துத்தான் எனக்கு வேலையும் வர ஆரம்பித்தது. கம்ப்யூட்டர் வந்தது, நாலு ஸ்டாஃப் வந்தார்கள்.

இரண்டாயிரத்துக்கு அப்புறம் நாலுவழிச் சாலையும் வந்தது.

ஜெபமாலை சார் போன் செய்தார். போனேன். வீட்டின் பக்கச் சுவரில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. கோட்டுக்கு அந்தப் பக்கம் முன்னறை மொத்தமும். அளந்து பார்த்தேன். சரியாகப் பத்தடி.

இளநீர் கொடுத்தவரும் நின்றிருந்தார். அவர் வீட்டில் கோடு விழவில்லை. உள்ளே தள்ளிக் கட்டியிருந்தார். என்னைப் பார்த்தார். பிறகு கோட்டைப் பார்த்தார். அம்பது வருசம் என்ன ஆச்சு என்று கேட்டிருக்கலாம்.

திரேசம்மாதான் பேசினார். "நீ ஏம்ப்பு மூஞ்சியத் தொங்கப் போடுற? ரோட்டப் பாக்கணும்னு நாந்தான கேட்டேன். அதுவும் பாவம், என்னயப் பாக்க வீட்டுக்குள்ளயே வருது."

எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புதான் இன்னும் என்னை அறுக்கிறது.

முன்னறையை இடித்தார்கள். கட்டில் பின்னறைக்குப் போனது. தட்டுமுட்டுச் சாமான் போட நான் வரைந்த அறை. உயரத்தில் ஒரு வென்டிலேட்டர், அவ்வளவுதான். சுவரை உடைத்து ஜன்னல் வைக்கிறேன் என்று பேப்பரோடு போனேன்.

"அந்தப் பக்கம் என்னப்பு தெரியும்?"

அடுத்த வீட்டுச் சுவர் தெரியும். பேப்பரைச் சுருட்டிக்கொண்டேன். அதற்கப்புறம் போனபோதெல்லாம் அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். வம்பு எதுவும் சொல்லவில்லை. சொல்ல என்ன இருந்தது? அடுத்த மழைக்காலம் வரை இருந்தார்.

இப்போது அமோனியா இல்லை. வெளிச்சம் எப்படி நகரும் என்பதைக் கம்ப்யூட்டரே காட்டிவிடுகிறது. நான் எந்த மனையிலும் உட்காருவதில்லை. போனவுடன் கேட்பது ஒன்றுதான்: "ரோட்டுலருந்து எம்புட்டு தூரம்?" பத்தடி என்றால் இருபதடி தள்ளச் சொல்கிறேன். என் வீடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. படுத்துக்கொண்டு பார்த்தால் காம்பவுண்டு சுவர் தெரியும்.

எப்போதாவது திருச்சிக்குப் பஸ்ஸில் போவேன். வடமதுரை தாண்டியதும் ஜன்னலோரம் நகர்ந்து உட்காருவேன்...

திரேசம்மா கட்டில் கிடந்த இடத்தைப் பஸ் கடக்க ஒரு நொடிகூட ஆவதில்லை.