பிறந்த ஊர் எதுவென்று கேட்டார்கள்

தொண்ணூறுகளின் நடுவில், உள்ளாட்சித் தேர்தலில் பெண்களுக்கென்று முதன்முதலாக மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கினார்களே, அந்தச் சமயத்தில் நடந்தது இது. அப்போது ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் எனக்கு வேலை. ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில் உள்ள ஒரு கிராமத்தில், ஒற்றை அறை வீட்டில் தனியாகக் குடியிருந்தேன்.

நான் பிறந்தது இலங்கையில், மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்களும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமை வாங்கி, எண்பதுகளின் தொடக்கத்தில் அப்பா, அம்மா, அண்ணனோடு தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கினேன். இந்த ஊர் வெயில் அப்பாவுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அவர் போன பிறகு அம்மாவும் அதிக காலம் இருக்கவில்லை. அண்ணன் குளிரைத் தேடிக் கோத்தகிரிப் பக்கம் தோட்ட வேலைக்குப் போய்விட்டான். நான் தங்கிவிட்டேன். ஊரில் என் பெயர் யாருக்கும் தேவைப்படவில்லை. 'சிலோன்காரி' என்றால் போதும். கெட்ட எண்ணத்தில் யாரும் கூப்பிட்டதில்லை. ஆனால் விசேஷ வீட்டில் பந்தி முடிகிற நேரத்தில்தான், "ஏட்டி, அந்தச் சிலோன்காரிக்குச் சொன்னீகளா?" என்று யாருக்காவது ஞாபகம் வரும்.

இரண்டாவது ஷிப்ட் முடிந்து வருகிற பெண்களை பஸ் மெயின் ரோட்டிலேயே இறக்கிவிட்டுப் போய்விடும். ஊருக்குள் நடக்கிற பாதையில் விளக்கு கிடையாது. பஞ்சாயத்துத் தலைவர் பதவி பெண்ணுக்கு என்று அறிவிப்பு வந்ததும், கூட வேலை பார்த்தவர்கள் பஸ்ஸிலேயே பேசி முடித்துவிட்டார்கள்.

"நீயே நில்லு. ஒனக்குன்னு இங்க அண்ணன், தம்பி, சொந்தம்னு யாரு இருக்கா? ஒருத்தரும் வீட்டுக்கு வந்து ஒன்னைய மெரட்டி வாபஸ் வாங்க வைக்க முடியாது" என்றாள் ஒரு அக்கா. யாரும் இல்லாததே தகுதியாகிப் போனதை நினைத்துச் சிரித்தேன். என் மனுவை முன்மொழிந்ததும் அந்த அக்காதான்.

மனு பரிசீலனை ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றிய அலுவலகத்தில். கூட வருவதாகச் சொன்ன அக்கா வரவில்லை. அவள் வீட்டுக்காரர் ஓட்டுகிற லாரி எதிர் வேட்பாளரின் கணவருடையது என்பது எனக்குப் பிறகுதான் உறைத்தது. பெஞ்சின் ஒரு ஓரத்தில் உட்கார்ந்தேன். எதிர் பெஞ்ச் நிறைய அந்தக் கணவரும் அவர் ஆட்களும். நடுவில் அவருடைய மனைவி, பட்டுச்சேலையில், குனிந்த தலை நிமிராமல் இருந்தார். வேட்பாளர் அவர்தான், ஆனால் பேச்செல்லாம் கணவருடையது.

என் மனுவை எடுத்ததுமே கணவர் எழுந்தார். "சார், இது வெளிநாட்டுல பெறந்த பொம்பள. இந்த மனு செல்லாது."

அதிகாரி என்னைப் பார்த்தார். "நீங்க எங்கம்மா பிறந்தீங்க?"

"இலங்கையில."

"கேட்டுக்கிட்டீகளா?" என்று கணவர் தம் ஆட்கள் பக்கம் திரும்பினார். "இன்னைக்குப் பஞ்சாயத்துத் தலைவர்ம்பாக. நாளைக்கு எம்.எல்.ஏ.ம்பாக. பொறவு முதலமைச்சர் நாற்காலியிலயும் சிலோன்காரிய உக்கார வைப்பீகளா?"

எல்லோரும் சிரித்தார்கள். மனு போனால் போகட்டும், வெளிநாட்டுக்காரி என்று இங்கே எழுதிவிட்டால் மில் வேலையும் போய்விடுமோ, ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்களோ, திரும்பக் கப்பலேற்றிவிடுவார்களோ என்றெல்லாம் மனம் ஓடியது. அங்கேயும் எனக்கு யாரும் இல்லை.

அப்போதுதான் அந்த அம்மா தலையைத் தூக்கினார்.

"நானும் ரங்கூன்லதான பெறந்தேன்."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. சிரிப்பு நின்றுவிட்டது.

கணவர் பல்லைக் கடித்தார். "ஏட்டி, நீ சும்மா இரு. அது வேற."

"எப்படி வேறயாகும்? எங்க அய்யா அங்க கடை வச்சிருந்தாக. அவ அய்யா கொழுந்து பறிச்சாக. அம்புட்டுத்தான? நானும் கப்பல்லதான வந்தேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "ரெண்டு பேரும் எங்க பிறந்தாங்கங்கிறது இங்க கேள்வியே இல்லய்யா. இந்தியக் குடிமகளா, வாக்காளர் பட்டியல்ல பேர் இருக்கா, அதான் கேள்வி. இந்த நாட்டு ஜனாதிபதியே இந்த மண்ணுலதான் பிறந்திருக்கணும்னு நம்ம சட்டத்துல இல்ல. நீங்க பஞ்சாயத்துக்குக் கேக்குறீங்க." இரண்டு மனுக்களையும் ஏற்றுக்கொண்டார்.

வெளியே வந்தேன். வராந்தாவில் இருந்த பானையில் தண்ணீர் மொண்டு குடித்தேன். பக்கத்தில் சேலை சரசரக்கிற சத்தம். அந்த அம்மா என் கையிலிருந்த தம்ளரை வாங்கி, தாமும் மொண்டு குடித்தார்.

"கப்பல்ல வாந்தி எடுத்தியா?" என்றார்.

"வழி நெடுக" என்றேன்.

"நானும்தான். எங்கம்மா மடியிலயே எடுத்துட்டேன்." புறங்கையால் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவர் இன்னும் ஏதோ கேட்க வந்தது தெரிந்தது. அதற்குள் வாசலில் கார் ஹாரன் விடாமல் அடித்தது. தம்ளரை என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

நான் பஸ் ஏறி ஊர் வந்தேன். ஜனாதிபதியாகக்கூட ஆகலாம் என்று அதிகாரி சொன்னதை யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. தெருவில் தெரிந்தவர்கள் எல்லாம் ஏதோ வேலையாக இருப்பதுபோல் உள்ளே போனார்கள். வீட்டைத் திறந்து, உலை வைத்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தேர்தலில் படுதோல்வி. என்னை நிற்கச் சொன்னவர்களே எனக்கு ஓட்டுப் போட்டார்களா என்பது சந்தேகம். நான் கேட்கவில்லை. அந்த அம்மா தலைவரானார், கையெழுத்து மட்டும் அவருடையது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். விளக்குகள் வந்தன, அதுவும் பாதித் தூரத்துக்குத்தான். அதன்பின் அவரைக் காரின் பின் இருக்கையில் போகும்போது சில தடவை பார்த்திருக்கிறேன். பேச வாய்க்கவில்லை. கொஞ்ச வருஷத்தில் இறந்துபோனார். துட்டிக்குப் போய்க் கூட்டத்துக்குப் பின்னால் நின்றுவிட்டு வந்தேன். நான் எதற்காக அப்படி அழுகிறேன் என்று அங்கே யாருக்கும் விளங்கவில்லை.

இன்றும் ஓட்டுச்சாவடியில் விரலில் மை வைக்கும்போது எனக்கு அவர் நினைப்புதான் வருகிறது. எத்தனையோ வருஷம் ஒரே ஊரில் இருந்தும், நான் வந்த வழி எப்படி இருந்தது என்று என்னைக் கேட்டவர், என்னை எதிர்த்து நின்ற அவர் ஒருவர்தான்.